ஓடப் பழக்கிறது லேசு

ஸ்னோமொபைலைப் பற்றி எழுதுவோம் என்றதும் எங்கள் குழுவுக்குள்ளேயே சிரிப்புத்தான். "இஞ்ச ஃபானுக்குக் கீழ இருந்து வேர்த்துக்கொண்டு பனிவண்டிக் கதையோ?" கேள்வி நியாயமானது. ஆனால் எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு கனடாவிலோ நோர்வேயிலோ சுவீடனிலோ மச்சான், மச்சாள், அக்காவின் பிள்ளைகள் என்று யாராவது இருக்கிறார்கள். டிசம்பர் பிறந்தால் குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் பனி கொட்டத் தொடங்கிவிடும். அதில் ஒரு வகை வீடியோ வருடாவருடம் வரும். ஐந்தாறு வயதுப் பிள்ளை, தோளைவிட அகலமான ஹெல்மெற், ஒரு சின்ன ஸ்னோமொபைல். பின்னாலிருந்து ஒரு தகப்பனின் குரல்: "அமத்து, அமத்து, பயப்பிடாத!" பிள்ளை அமத்துகிறது, வண்டி போகிறது, எல்லாரும் கை தட்டுகிறார்கள். கீழே ஊரிலிருந்து போன இதயக் குறிகள் வரிசையாய் நிற்கும். நாங்களும் போட்டிருப்போம்.

தகப்பனைக் குறை சொல்வது எங்கள் நோக்கமில்லை. பனிக்குப் பயந்து நாலு மாதம் வீட்டுக்குள் பூட்டி வைக்கிற பெற்றோரை விட அவர் எவ்வளவோ மேல். எங்கள் பிரச்சினை "அமத்து" என்ற அந்த ஒரு சொல்லோடுதான். ஸ்னோமொபைலில் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையே இல்லாத ஒன்று இருக்கிறதென்றால் அது அமத்துவதுதான்.

இந்த வண்டியின் கதையே ஒரு பிள்ளையில்தான் தொடங்குகிறது. கியூபெக் மாநிலத்தில் வல்கூர் என்ற சின்ன ஊர். அங்கே ஜோசப்-ஆர்மான் பொம்பார்டியே என்ற இளம் மெக்கானிக். குளிர்காலத்தில் வீதிகளைப் பனி மூடிவிடும், ஊர் ஊராய்த் துண்டிக்கப்பட்டுவிடும். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவோனுக்கு குடல்வால் அழற்சி வந்து முற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி இல்லை. பனியில் ஓடக்கூடிய வண்டி ஒன்றைச் செய்ய அவர் பல வருடமாக முயன்றுகொண்டுதான் இருந்தார், ஆனால் அந்த நாளில் ஓடக்கூடிய நிலையில் ஒன்றும் இல்லை. பிள்ளை இறந்துபோனது. பற்சக்கரமும் றப்பர் பட்டியும் சேர்ந்த அவருடைய அமைப்புக்கு 1937இல் காப்புரிமை கிடைத்தது. அதை வைத்து அவர் முதலில் செய்து விற்றது விளையாட்டு வண்டி இல்லை, ஏழு பேர் உள்ளே இருந்து போகக்கூடிய மூடிய வாகனம். பிறகு வந்த பன்னிரண்டு பேர் வண்டி அம்புலன்ஸாகவும் தபால் வண்டியாகவும் பள்ளிக்கூட பஸ்ஸாகவும் ஓடியது. ஒருவர் இருவர் ஏறி ஓடுகிற சின்ன 'ஸ்கீ-டூ' 1959இல்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் இது வார இறுதிப் பொழுதுபோக்காக மாறியது. ஒரு பிள்ளையைக் காப்பாற்ற முடியாமல் போன துக்கத்தோடு வளர்ந்த யந்திரத்தில் இன்றைக்குப் பிள்ளைகளைக் காப்பாற்றுவது எப்படி என்று குழந்தை வைத்தியர்கள் அறிக்கை எழுத வேண்டியிருக்கிறது.

வண்டியைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் நீளமான ஒரு றப்பர் பட்டி, நடுவில் எஞ்சின், மேலே சீற். கியர் மாற்றுகிற வேலை இல்லை. கிளச் பிடிக்கத் தேவையில்லை. சைக்கிளைப் போல சமநிலைப் பிரச்சினையும் இல்லை. வலது பெருவிரலால் அமத்தினால் போகும், இடது கையால் பிடித்தால் பிறேக். பத்து நிமிடத்தில் யாரும் ஓடலாம்.

ஆபத்து அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. சைக்கிள் பழகின காலத்தை யோசித்துப் பாருங்கள். முழங்கால் எத்தனை தரம் உரசுப்பட்டது? விழுந்து விழுந்துதான் வேகம் என்றால் என்ன என்று உடம்புக்கு விளங்கியது. சைக்கிள் சின்னச் சின்னக் கடனாக வாங்கிக்கொள்ளும். ஸ்னோமொபைல் அப்படிச் சின்னக் கடன் வாங்குவதில்லை. பிள்ளை விழாது, நோகாது, 'நான் நல்லா ஓடுறன்' என்ற நம்பிக்கை மட்டும் வளரும். பெரியவர்களுடைய வண்டி 200 கிலோவுக்கு மேல் பாரம். பல மொடல்கள் மணிக்கு 150 கிலோமீற்றரைத் தாண்டும். அதன் முதல் எச்சரிக்கையே கடைசி எச்சரிக்கையாக இருந்துவிடலாம்.

இன்னொன்று. பயந்தால் மனிசர் என்ன செய்வார்கள்? பிடித்திருப்பதை இறுக்கிப் பிடிப்பார்கள். ஹாண்டிலை இறுக்குகிற கையில்தான் அக்சிலேற்றர் இருக்கிறது. பெருவிரல் அதன் மேலேயே கிடக்கிறது. மரம் எதிரில் வருகிறது என்று பயந்த பிள்ளை இறுக்கிப் பிடிக்க, வண்டி இன்னும் வேகமாய் மரத்தை நோக்கிப் போகும். எனவே முதல் பாடம் 'பெருவிரலை எடு' என்பதாகத்தான் இருக்க வேண்டும். எஞ்சின் நிற்பாட்டி இருக்கிற வண்டியில் ஏற்றி இருத்தி, "எடு" என்றதும் பெருவிரல் வெளியே வருகிற அளவுக்கு நூறு தரம் செய்ய வைக்க வேண்டும். சலிப்பான வேலைதான். வீடியோவுக்கும் நல்லாயிராது.

அடுத்தது, எஞ்சினை நிற்பாட்டுகிற கயிறு. ஒரு முனை வண்டியில், மறு முனை பிள்ளையின் ஜக்கெற்றில். பிள்ளை விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் நின்றுவிடும். அந்தக் கயிறு கொழுவாமல் வண்டியை உயிர்ப்பிக்கக் கூடாது என்பதில் விட்டுக்கொடுப்பே இருக்கக் கூடாது, பக்கத்து வளவுக்குப் போவதானாலும் சரி.

பிள்ளைகளுக்கென்றே 120 சிசி எஞ்சினோடு சின்ன வண்டிகளை ஸ்கீ-டூ, பொலாரிஸ், ஆர்க்டிக் கற் போன்ற பெரிய கம்பனிகள் செய்து விற்று வந்திருக்கின்றன. வேகம் சுமார் 15 கிலோமீற்றருக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தியிருப்பார்கள். ஒரு தட்டையான வெளி, பக்கத்தில் நடந்து வருகிற ஒரு பெரியவர், கொழுவின கயிறு, இவ்வளவும் இருந்தால் இதில் எங்களுக்குப் பெரிய மறுப்பு இல்லை. மறுப்பு அதற்கு அடுத்த கட்டத்தில்தான். பத்து வயதில் அந்தச் சின்ன வண்டி பிள்ளைக்குக் காணாமல் போய்விடும், முழங்கால் ஹாண்டிலில் முட்டும். அப்போது "உவன் அஞ்சு வயசில இருந்து ஓடுறவன்" என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சுத்தான் பிள்ளையைப் பெரிய வண்டியில் ஏற்றுகிறது. ஐந்து வருடம் ஓடியது உண்மைதான். ஆனால் நடக்கிற வேகத்தில், முற்றத்தில்.

சட்டம் என்ன சொல்கிறது? ஒன்ராறியோவில் 12 வயதான பிள்ளை ஒரு வகுப்பை முடித்து, பரீட்சை எழுதி, ஸ்னோமொபைல் லைசென்ஸ் எடுத்தால் பனிப்பாதைகளில் ஓடலாம். வீதியைக் குறுக்கறுக்கவும் வீதி வழியே போகவும் 16 ஆக வேண்டும். 12 வயதுக்குக் கீழ் என்றால் தனியார் காணிக்குள் மட்டும். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1976க்குப் பிறகு பிறந்தவர்கள் எல்லாரும் பாதுகாப்புச் சான்றிதழ் எடுத்திருக்க வேண்டும். சுவீடனில் ஸ்னோமொபைலுக்கென்றே தனியான சான்றிதழ் இருக்கிறது, வயது 16. கனடாவின் குழந்தை வைத்தியர் சங்கமும் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கமும் வருடக்கணக்காக ஒரே விஷயத்தைத்தான் சொல்லி வருகின்றன: 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் ஓட்டக் கூடாது, ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பின்னாலும் ஏற்றக் கூடாது.

ஒன்ராறியோவின் சட்டத்தை அதே ஒன்ராறியோவின் கார்ச் சட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. கார் பழக 16 வயதாக வேண்டும். அப்போதும் ஜீ1 என்ற முதல் படிதான். பக்கத்தில் குறைந்தது நாலு வருட அனுபவமுள்ள சாரதி இருக்க வேண்டும், குடித்திருந்தால் ஒரு துளிக்கும் மன்னிப்பில்லை. சுற்றிவரத் தகரம், சீற் பெல்ற், எயார் பாக் எல்லாம் உள்ள வாகனத்துக்கு இவ்வளவு படிகள். தகரமும் இல்லை பெல்ற்றும் இல்லை என்கிற வாகனத்தில் 12 வயதுப் பிள்ளை காட்டுப்பாதையில் போகலாம்.

அதைவிடப் பெரிய வேடிக்கை மற்றப் பக்கத்தில். கார் லைசென்ஸ் உள்ள பெரியவருக்கு ஸ்னோமொபைல் ஓட எந்த வகுப்பும் கட்டாயமில்லை. ஸ்காபரோவில் இருபது வருடம் கார் ஓடின எங்கள் மாமா, வாழ்க்கையில் ஐஸின் மேல் ஒரு நாளும் காலை வைக்காதவராக இருந்தாலும், வார இறுதியில் வடக்கே போய் ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து, பின்னால் மகளை ஏற்றிக்கொண்டு ஏரியில் இறங்கலாம். வகுப்புக்குப் போன பன்னிரண்டு வயது மகளுக்கு ஐஸைப் பற்றி நாலு விஷயம் தெரியும், அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. ஓடுகிறவர் அப்பா.

இந்த விவாதத்தில் ஸ்னோமொபைல் ஆர்வலர்கள் வைக்கிற வாதம் ஒன்றிருக்கிறது. சின்னனிலேயே பழக்கினால்தான் வளரும்போது ஒழுங்காய் ஓடுவார்கள், 16 வரைக்கும் தடுத்து வைத்தால் ஒன்றும் தெரியாமல் ஒரேயடியாய் பெரிய வண்டியில் ஏறுவார்கள். இதைத் தட்டிக் கழிக்க முடியாது. நாங்களும் சின்னனிலேயே பழக்க வேண்டும் என்ற கட்சிதான். ஆனால் பழக்குவதும் ஹாண்டிலைக் கையில் கொடுப்பதும் ஒன்று என்று யார் சொன்னது? ஆறு வயதில் தொடங்கக்கூடியவை எத்தனையோ இருக்கின்றன. அவற்றுக்கு எஞ்சின் தேவையில்லை.

ஐஸை எடுத்துக்கொள்வோம். இங்கே 'ஐஸ்' என்று நாங்கள் சொல்வது ஏரி உறைந்து வருகிற கட்டியை. மேலிருந்து கொட்டுகிற பனி வேறு. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள உறவே ஒரு பாடம், ஏனென்றால் ஐஸின் மேல் கொட்டிக் கிடக்கிற பனி போர்வையைப் போல வேலை செய்யும். குளிரை ஐஸுக்குள் இறங்க விடாது. வெள்ளை வெளேரென்று பஞ்சு மெத்தை மாதிரித் தெரிகிற ஏரிக்குக் கீழே ஐஸ் மெல்லிசாக இருக்கலாம். நிறமும் ஒரு மொழி. தெளிந்த நீல ஐஸ்தான் பலமானது. பனி கலந்து உறைந்த வெள்ளை ஐஸுக்கு அதில் அரைவாசிப் பலம்தான். சாம்பல் நிறமென்றால் உள்ளே தண்ணீர் நிற்கிறது, கால் வைக்கக் கூடாது. கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த அளவுகள் மனதில் வைத்திருக்க லேசானவை: தனியே நடக்க 15 சென்ரிமீற்றர், கூட்டமாய் நிற்க 20, ஸ்னோமொபைலுக்கு 25. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு அடிமட்டத்தைக் கொடுத்தால் இதைக் காட்டித் தரும்.

ஒரு ஏரியில் எல்லா இடமும் ஒரே தடிப்பாய் உறைவதில்லை என்பதுதான் அடுத்தது. ஓடை வந்து விழுகிற வாய், இரண்டு கரை நெருங்குகிற ஒடுக்கம், பாலத்துக்குக் கீழ், இங்கெல்லாம் தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பதால் ஐஸ் பிடிபடாது. ஏரிக்கரை வீடுகளில் படகுத்துறையை ஐஸ் நெரித்துவிடாமல் இருக்கத் தண்ணீருக்குள் காற்றுக் குமிழி விடுகிற இயந்திரம் பூட்டியிருப்பார்கள். அதைச் சுற்றியும் திறந்த தண்ணீரோ மெல்லிய ஐஸோ இருக்கும். அந்த ஊரில் நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பத்துக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'அந்த மூலைக்குப் போகாத' என்று தாத்தா சொல்லியிருப்பார். எங்கட சனத்துக்கு அந்த ஏரியில் தாத்தா இல்லை.

இங்கே கிராமத்துப் பிள்ளைக்கு எந்தக் குளத்தின் எந்தப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் சுரி என்று தெரியும். வெளியூரிலிருந்து வந்து இறங்குகிறவர்தான் தாழுவார். அதே கதைதான் அங்கேயும்.

எங்களை உண்மையில் திடுக்கிட வைத்தது 2020இல் வந்த ஒரு ஆய்வு. றொரன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சப்னா சர்மாவும் கூட இருந்த ஆய்வாளர்களும் 10 நாடுகளில் குளிர்காலத்தில் நடந்த கிட்டத்தட்ட 4,000 நீரில் மூழ்கிய மரணங்களை எடுத்துப் பார்த்தார்கள். நாங்கள் நினைத்தது கொடுங்குளிர் நாட்களில்தான் ஆபத்து அதிகம் என்று. இல்லை. மிக அதிகமானோர் இறந்தது வெப்பநிலை பூச்சியத்துக்கும் மறை 5 பாகைக்கும் இடையில் இருந்த காலங்களில்தான். ஐஸ் இளகத் தொடங்குகிற பருவக் கடைசியில் மரண வீதம் இன்னும் கூட. பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட முக்கியமான ஒன்று இருக்க முடியாது, ஏனென்றால் அது உடம்பு சொல்வதற்கு நேரெதிர். வெயில் எறிக்கிறது, குளிர் குறைவு, மூக்கு எரியவில்லை, எல்லாரும் வெளியே வருகிறார்கள். வெளியே இறங்கச் சொல்லி மனம் கேட்கிற அந்த மார்ச் மாத நாள்தான் ஏரியை நம்பக் கூடாத நாள். பூமி சூடாகச் சூடாக அப்படியான நாட்கள் கூடித்தான் போகும். தாத்தா இருக்கிற குடும்பத்துக்கும் தாத்தாவின் கணக்குப் பிழைக்கிற காலம் இது.

ஐஸ் உடைந்து விழுந்தால்? மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர் குளிர்நீரில் தன் உடம்பையே இறக்கி ஆராய்ந்தவர். அவர் சொல்லித் தருகிற கணக்கு ஒன்று, பத்து, ஒன்று. முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது, இரைக்கும், பதறும். அந்த நிமிடத்தில் செய்யவேண்டியது தலையை மேலே வைத்துக்கொண்டு மூச்சை அடக்குவது மட்டும்தான். அடுத்த பத்து நிமிடம் கை கால் வேலை செய்யும், அதற்குள் வெளியே வரப் பார்க்க வேண்டும். வர முடியாவிட்டாலும் குளிரால் நினைவு தப்ப ஒரு மணித்தியாலம் அளவில் எடுக்கும். தண்ணீரில் விழுந்தவுடன் செத்துவிடுவோம் என்று நினைக்கிறவர்தான் அந்த முதல் நிமிடத்தில் பதறித் தண்ணீர் குடிக்கிறார். வெளியே வருகிற விதமும் சொல்லித் தர வேண்டியதுதான். வந்த பக்கமே திரும்ப வேண்டும், ஏனென்றால் அந்த ஐஸ் உங்களைக் கொஞ்சம் முன்னர்தான் தாங்கியது. நேராய் ஊன்றி ஏறப் பார்த்தால் விளிம்பு உடையும். உடம்பைத் தண்ணீரில் படுக்க வைத்து, கால் அடித்து, வழுக்கி ஏற வேண்டும். ஏறியதும் எழும்பி நிற்கக் கூடாது, உருண்டு விலக வேண்டும். கழுத்தில் தொங்கப் போடுகிற ஒரு சோடி ஐஸ் குத்தூசி விலை பெரிதில்லை. ஈரக் கையால் வழுக்குகிற ஐஸைப் பிடிக்க வேறு வழியும் இல்லை. இதையெல்லாம் கோடையில், நீச்சல் குளத்தில், விளையாட்டாகவே பழக்கலாம்.

உடுப்பைப் பற்றி நீட்டத் தேவையில்லை. தோலோடு பருத்தி வேண்டாம், அது வேர்வையைப் பிடித்து வைத்துக் குளிரவைக்கும். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: பின்னால் இருக்கிற பிள்ளைக்குத்தான் முதலில் குளிரும். ஓடுகிறவர் உடம்பை அசைக்கிறார், பிள்ளை சும்மா இருக்கிறது. ஹெல்மெற்றுக்குள் அழுதாலும் எஞ்சின் சத்தத்தில் கேட்காது.

பின்னால் இழுத்துக்கொண்டு போகிற விளையாட்டைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. உறவினர் கூடுகிற வார இறுதிகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கும். வண்டியில் கயிற்றைக் கட்டி, அதில் ஒரு சறுக்குத் தட்டையோ காற்றடித்த ரியூப்பையோ கொழுவி, அதில் இரண்டு மூன்று சின்னதுகளை ஏற்றி இழுப்பது. கயிறு இழுக்கும், தள்ளாது. முன்னால் வண்டி நின்றால் பின்னால் வருகிற தட்டு நிற்காது, நேரே வந்து மோதும். வண்டி வளைந்தால் தட்டு சாட்டை நுனி போல வெளியே வீசப்படும், அங்கே மரம் இருந்தால் மரத்தில். விறைப்பான கம்பியால் இணைத்த, பக்கம் வைத்த சறுக்கு வண்டியைத்தான் இழுக்க வேண்டும், அதுவும் நடை வேகத்தில். ஒன்ராறியோ சட்டப்படி இழுபடுகிறவருக்கும் ஹெல்மெற் கட்டாயம். இன்னொரு பழக்கம், சின்னப் பிள்ளையை மடிக்கு முன்னால் வைத்து ஓடுவது. பாதுகாப்பாய்ப் பிடித்திருக்கிறோம் என்று தோன்றும். மோதினால் பெரியவரின் முழுப் பாரமும் பிள்ளையை ஹாண்டிலோடு வைத்து நசுக்கும். கால் மிதியில் எட்டாத பிள்ளை முன்னாலும் வேண்டாம் பின்னாலும் வேண்டாம்.

இதை வாசித்துவிட்டு எங்களில் ஒருவர் சொன்னார்: "மோட்டார்சைக்கிள் ராங்கியில ஒண்டு, நடுவில ஒண்டு, அம்மான்ர மடியில ஒண்டு எண்டு போற ஊரில இருந்து இதைச் சொல்லுறமே." சரிதான். அதைப் பற்றியும் ஒரு நாள் எழுதுவோம்.

குடியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை விட முடியாது. கனடாவில் ஸ்னோமொபைல் மரணங்களில் மதுவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது புதுச் செய்தியில்லை. குடித்துவிட்டு கார் ஓடினால் என்ன குற்றமோ ஸ்னோமொபைல் ஓடினாலும் அதே குற்றம்தான், குற்றவியல் சட்டம் வேறுபாடு பார்ப்பதில்லை. ஆனால் வீதியில் குடித்துவிட்டு ஓடப் பயப்படுகிறவர்கள் ஏரியில் பயப்படுவதில்லை. அங்கே பொலிஸ் நிற்கும் என்று யாரும் நினைப்பதில்லை. 'இங்க ஆர் இருக்கினம்? ஐஸ் மட்டும்தானே' என்ற கதை.

இந்த இடத்தில்தான் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது கடினமாகிறது. பெருவிரலை எடுக்கப் பழக்கலாம், ஐஸின் நிறம் பார்க்கப் பழக்கலாம். "மாமா குடிச்சிருக்கிறார், நான் ஏறமாட்டன்" என்று எட்டு வயதுப் பிள்ளையைச் சொல்லப் பழக்குவது எப்படி? எங்கட வீடுகளில் பெரியாக்களுக்கு மறுத்துச் சொல்வதே பெரிய குற்றம். "மாமா ஆசையாக் கூப்பிடுறார், போ பிள்ளை" என்று அம்மாவே தள்ளி ஏற்றிவிடுவார். பிள்ளை அழுதால் "பயந்தாங்கொள்ளி" என்று ஒரு சிரிப்பு. இந்த வளர்ப்பு விமானம் ஏறும்போது ஊரில் விடுபட்டுவிடுவதில்லை, ஸ்காபரோவிலும் ஒஸ்லோவிலும் அப்படியே இருக்கிறது. ஸ்னோமொபைலில் ஏற முதல் ஒரு பிள்ளைக்கு வீட்டில் கிடைத்திருக்க வேண்டியது, 'வேண்டாம்' என்று சொன்னால் காரணம் கேட்காமல் இறக்கி விடுவார்கள் என்ற உறுதி. பத்துப் பேர் முன்னால் சொன்னாலும், மாமாவுக்கு மனவருத்தம் வந்தாலும். இது இல்லாத வீட்டில் ஹெல்மெற்றுக்கு எவ்வளவு செலவழித்தும் பிரயோசனமில்லை.

எங்கள் நிலைப்பாடு இதுதான். ஒன்ராறியோவின் பனிப்பாதைகளில் தனியே ஓட 16 வயது வேண்டும், வைத்தியர்கள் சொல்வது சரி. அதோடு, வண்டி எடுக்கிற ஒவ்வொரு பெரியவருக்கும் வகுப்பு கட்டாயமாக்கப்பட வேண்டும், முக்கியமாக வாடகைக்கு எடுக்கிறவருக்கு. பிள்ளையின் வகுப்புக்கு வாசலில் இறக்கிவிட்டுக் கோப்பி குடிக்கப் போகிற பெற்றோர் உள்ளே வந்து பின்வாங்கிலில் இருக்க வேண்டும்.

இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க விடாத ஒரு இடம் உண்டு. கனடாவின் வடகோடியில் நுனாவுட். 25 ஊர்கள், ஒரு ஊரையும் மற்ற ஊரையும் இணைக்கிற வீதி ஒன்றுகூட இல்லை. 1960களிலிருந்து நாய்வண்டியின் இடத்தை ஸ்னோமொபைல் பிடித்துக்கொண்டது. அங்கே அது பொழுதுபோக்கு இல்லை, வேட்டைக்கும் மீனுக்கும் பக்கத்து ஊர்ச் சொந்தத்துக்கும் உள்ள முக்கியமான வழி. அந்த ஊர் இனுயிட் பிள்ளையிடம் 16 வரை காத்திரு என்பது, கரையோரக் கிராமத்துப் பிள்ளையிடம் 16 வரை வள்ளத்தில் ஏறாதே என்று சொல்வது போலத்தான். றொரன்ரோ வார இறுதிக்கு எழுதின சட்டத்தை அங்கே தூக்கிக்கொண்டு போக எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆனால் அங்கே பழக்குகிற முறையைப் பார்த்தால் அது எங்கள் வாதத்துக்குத்தான் கிட்ட வருகிறது. பிள்ளை முதலில் ஏறுவது ஹாண்டிலில் இல்லை, வண்டிக்குப் பின்னால் இழுபடுகிற கமுற்றிக் என்ற சறுக்கு வண்டியில். அதில் இருந்து பெரியவர் எங்கே நிற்பாட்டுகிறார், எங்கே இறங்கி நடக்கிறார், கடல் ஐஸை ஈட்டியால் குத்திப் பார்த்துவிட்டு எப்போது திரும்பிப் போகிறார் என்று வருடக்கணக்காகப் பார்க்கிறது. ஓடுவதைப் பார்த்துப் பழகுவதைவிட நிற்பதைப் பார்த்துப் பழகுவது அதிகம்.

அந்த அறிவும் இப்போது ஆட்டம் காண்கிறது, ஏனென்றால் கடல் ஐஸ் பழைய மாதிரி இல்லை. லப்ரடோர் கரையில், இனுயிட் மக்களின் நுனாற்சியாவுட் பகுதியில், ஸ்மார்ட்ஐஸ் என்றொரு அமைப்பு தொடங்கியது. ஐஸின் தடிப்பை அளக்கிற கருவியைக் கமுற்றிக்கில் வைத்து, ஸ்னோமொபைலால் இழுத்துக்கொண்டு போய், எங்கே போகலாம் எங்கே போகக் கூடாது என்று ஊருக்குச் சொல்கிறார்கள். மூத்த வேட்டைக்காரர்கள் எந்த வழி பார்க்க வேண்டும் என்று காட்டுகிறார்கள். கருவிகளைப் பொருத்திச் செய்கிற வேலைக்கு நெயின் என்ற ஊரின் இனுயிட் இளையோரைப் பழக்கியிருக்கிறார்கள்.